தழும்பு இல்லாத ஆபரேஷன்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசலாம் என்றால் பாதியிலேயே உன் அம்மா வாங்கி "சாப்பிட்டியா கண்ணு" என்று ஆரம்பித்துவிடுவாள். அதனால் கடையைச் சாத்திவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். தாளில் அங்கங்கே கிரீஸ் இருக்கும், கண்டுக்காதே.

கம்பெனி செக்கப்பில் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) 1.6, யூரினில் புரதம், பிரஷர் 146/94 என்று வந்திருக்கிறது, சின்ன வயதில் எனக்கு என்ன ஆபரேஷன் என்று புதன்கிழமை கேட்டாய். "ஹெர்னியாதான்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று அம்மா போனை வைத்துவிட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அவள் சாப்பிடவும் இல்லை.

எட்டாவது படிக்கும்போது குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்து நின்று, "ஹெர்னியான்னா தையல் போடுவாங்களாமே, எனக்குத் தழும்பு எங்கப்பா?" என்று கேட்டாய். சின்னதிலேயே போட்டது மறைந்துவிட்டது என்றேன். எதுவும் மறையவில்லை தம்பி. உன் மேல் கத்தியே படவில்லை. ஆபரேஷன் நடந்தது மூத்திரக் குழாய்க்குள்ளே.

கோவை டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். "வால்வு" என்றார். மோட்டார் ரிப்பேர்காரனிடம் வால்வு என்றால்? "எந்த இடத்து வால்வு சார் கெட்டுப்போச்சு?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "இந்த இடத்தில் வால்வே இருக்கக் கூடாதுங்க" என்றார். மூத்திரப்பை முடிந்து குழாய் தொடங்குகிற இடத்தில், கருவிலேயே ஒரு மெல்லிய சவ்வு மடிப்பு. ஆண் குழந்தைக்கு மட்டும் வருவது. 5,000 முதல் 8,000 ஆண் பிள்ளைகளில் ஒன்றுக்கு வருமாம். கீழேயிருந்து டியூப் விட்டால் தடையே தெரியாமல் ஏறிவிடும். மேலேயிருந்து மூத்திரம் இறங்கினால் அந்தச் சவ்வு படகின் பாய் மாதிரி விரிந்து வழியை அடைக்கும். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. டெலிவரி லைனில், தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடுகிற என்.ஆர்.வி. வால்வைத் திருப்பி மாட்டிய மாதிரி. மோட்டார் தள்ளும், தண்ணீர் போகாது, ஜாயின்ட் ஜாயின்டாக வீங்கும். உனக்கு வீங்கியது மூத்திரப்பை, அதற்கு மேலே இரண்டு குழாய், அதற்கும் மேலே இரண்டு கிட்னி.

இதை அமெரிக்காவில் யங் என்ற டாக்டர் 1919-லேயே வகை பிரித்து எழுதி வைத்துவிட்டாராம். 2001-ல் நம் ஊரில் உன்னைப் பார்த்த யாருக்கும் அது தோன்றவில்லை. பிறந்து ஒன்பதாம் நாள் காய்ச்சல், பால் குடிக்கவில்லை. பூச்சிக்கடி என்றார் ஒருவர், சளி என்றார் இன்னொருவர். உன் அம்மாதான் கண்டுபிடித்தாள். "இவன் ஒண்ணுக்குப் பீச்சி அடிக்கவே இல்லைங்க, சொட்டிக்கிட்டே இருக்கான். அடிவயித்துல எலுமிச்சம்பழமாட்டம் ஒண்ணு தட்டுப்படுது" என்றாள். அன்று சாயந்திரமே வாடகைக் கார் பிடித்து கோவைக்குப் போனோம்.

டியூப் போட்டதும் பையில் மூத்திரம் நிறைந்தது, நிறைந்துகொண்டே இருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். நர்ஸம்மா முகத்தில் சந்தோஷம் இல்லை, மணிக்கு ஒருமுறை அளந்து எழுதிக்கொண்டிருந்தார். சாதாரணமாகவே பச்சைக் குழந்தையின் கிட்னிக்கு உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கும் பக்குவம் வந்திருக்காதாம். உன்னுடையது அடைப்போடேயே வளர்ந்த கிட்னி. அடைப்பு விட்டதும் உப்பும் தண்ணீருமாக எல்லாம் ஓடியது. போன அளவுக்கு டிரிப்பில் ஏற்றினார்கள். நீ கொஞ்சம் தேறிய பிறகு, பென்சில் முனையைவிடச் சற்றே தடித்த ஒரு கருவியை உள்ளே விட்டு அந்தச் சவ்வைக் கரித்து எடுத்தார்கள். அவ்வளவுதான் ஆபரேஷன்.

இனி சொல்லப் போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

நீ வயிற்றில் இருக்கும்போது ஏழாம் மாதம் "தண்ணி கம்மி" என்றார்கள். உன் அப்பத்தா அதைப் பிடித்துக்கொண்டாள். மருமகள் சரியாகத் தண்ணீர் குடிப்பதில்லை, இளநீர் கொடுத்தால் முகத்தைச் சுளிக்கிறாள் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள். நானும் ஒருநாள் திட்டினேன். கோவைக்குப் போன பிறகுதான் தெரிந்தது, நாலு மாதத்துக்குப் பிறகு பனிக்குடத்துத் தண்ணீரில் பெரும்பகுதி குழந்தை போகிற மூத்திரம்தான் என்று. குழந்தை அதையே குடிக்கும், திரும்பப் போகும். நுரையீரல் விரிந்து வளரவும் அந்தத் தண்ணீர் வேண்டும். உனக்கு வழி அடைத்திருந்தது, அதனால் தண்ணீர் குறைந்தது. அவள் கிணற்றையே குடித்திருந்தாலும் கூடியிருக்காது. இதை நான் அப்பத்தாவிடம் சொல்லவில்லை. உன் அம்மாவிடம்கூட நேராகச் சொல்லி மன்னிப்புக் கேட்டதில்லை.

ஐந்தாம் மாதம் பெரிய ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். கரும்புக்குத் தண்ணீர் விடுகிற சமயம், கடையில் ஏழு மோட்டார் கிடந்தது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிவிட்டேன். அன்றைக்கே பார்த்திருந்தால் என்று வெகு வருஷம் மனசு அரித்தது. இப்போது போனில் தேடிப் படிக்கிறேன். 1981-ல் சான் பிரான்சிஸ்கோவில் கருப்பையைத் திறந்து குழந்தையின் மூத்திரப்பைக்கு வழி செய்து பார்த்திருக்கிறார்கள். பிறகு மூத்திரப்பையிலிருந்து பனிக்குடத்துக்கு ஒரு சின்னக் குழாய் வைக்கும் முறை வந்தது. இங்கிலாந்தில் அதைச் சோதித்து 2013-ல் வெளியிட்டார்கள். குழாய் வைத்தால் பிழைக்கிற வாய்ப்பு கூடலாம், ஆனால் நல்ல கிட்னியோடு தேறுவது குழாய் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அபூர்வம் என்று அதில் இருக்கிறது. படித்தபோது பாரம் கொஞ்சம் இறங்கியது. முழுசாக இறங்கவில்லை.

ஏன் அபூர்வம் என்றால், கிட்னி ஒன்றுக்குச் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள். எல்லாம் வயிற்றிலேயே, ஒன்பதாம் மாதத்துக்குள் உருவாகி முடிந்துவிடும். அப்புறம் ஒன்றுகூடப் புதிதாக வராது. உருவாகிற காலம் முழுக்க அழுத்தத்தில் இருந்தால் எண்ணிக்கையும் குறையும், இருப்பதும் கோணலாக இருக்கும். அடைப்பை எடுக்கலாம், வடிகட்டியைப் போட முடியாது. உன் முதல் வயதில் கிரியேட்டினின் 0.7 வரைக்கும் இறங்கியது. 0.8-க்குக் கீழே வந்தது ஆறுதல் என்றார் டாக்டர். குணம் என்று சொல்லவில்லை. நான் குணம் என்று கேட்டுக்கொண்டேன்.

ஹெர்னியாக் கதை அப்பத்தா கட்டியது. "அந்த எடத்துல ஆபரேஷன்னா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்" என்றாள். நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம். வருஷாவருஷம் கோவை போனதை யூரினில் கிருமி என்றோம். ஒண்ணுக்குப் போய்விட்டு ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி போ என்று அம்மா விரட்டுவாளே, அதுவும் இதற்குத்தான். அடைப்பை எதிர்த்து அமுக்கி அமுக்கித் தடித்துப்போன மூத்திரப்பை ஒரே தடவையில் காலியாகாது. மிச்சம் நின்றால் அழுத்தம் மறுபடி மேலே ஏறும். இதைச் சொல்லியிருந்தால் நீ செய்திருப்பாய். காரணம் சொல்லாமல் விரட்டியதால் ஹாஸ்டல் போனதும் விட்டுவிட்டாய்.

பன்னிரண்டு வயதில் 0.9. இனிமேல் பெரியவர்கள் பார்க்கிற டாக்டரிடம் காட்டுங்கள், வளர்கிற வயசில்தான் கிட்னிக்குச் சுமை கூடும் என்று கோவையில் சொன்னார்கள். நீ ஓடுகிறாய், கிரிக்கெட் விளையாடுகிறாய். நான் போகவில்லை. இது என் தப்பு, அம்மாவுடையது இல்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது. கிட்னி டாக்டரையும் யூராலஜி டாக்டரையும் பார். போனதும் "பிறவியிலேயே மூத்திரப் பாதையில் வால்வு, 2001-ல் எடுத்தது" என்று சொல். அதைச் சொன்னால்தான் மூத்திரம் எவ்வளவு வேகத்தில் வருகிறது, போன பிறகு எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார்கள். ஜிம்மில் வாங்கிய புரோட்டீன் டப்பாவைக் கேட்காமல் தொடாதே. முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக் போடுகிறாயாமே, அதை இன்றோடு விடு. இரவில் எத்தனை முறை எழுந்தாலும் தூக்கத்துக்காகத் தண்ணீரைக் குறைக்காதே. நாளைக்குக் கல்யாணம், குழந்தை பற்றி யோசனை இருந்தால் அதையும் வெட்கப்படாமல் டாக்டரிடமே கேள்.

பழைய பைல் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. கூரியரில் அனுப்ப மனசு வரவில்லை. சனிக்கிழமை கோவையில் ரயில் ஏறுகிறேன், கையிலேயே கொண்டுவருகிறேன். டாக்டர் படம் போட்ட சீட்டும் உள்ளே இருக்கிறது, மடிப்பில் கிழிந்திருக்கிறது, படம் தெரிகிறது.

அம்மாவும் வருகிறேன் என்கிறாள். இந்தக் கடிதத்தை இப்போதுதான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். இளநீர் பற்றி எழுதிய இடத்தில் எழுந்து உள்ளே போனவள் இன்னும் வரவில்லை. போய்ப் பார்க்கிறேன்.

அப்பா