ட்ரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக் குழாய் வைத்த) நோயாளிகளுக்கு வென்டிலேட்டர் வழியே நெபுலைசர் மருந்து: உதிரிப் பாகங்கள் கோரி மனு

அனுப்புநர்
தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள், வீட்டு வென்டிலேட்டர் நோயாளிகளின் பராமரிப்பாளர்கள்,
வடசென்னை.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: வென்டிலேட்டருக்கான வால்வுள்ள டி-பீஸ் (நெபுலைசரைப் பொருத்தும் T வடிவ இணைப்பு), ஸ்பேசர் (இன்ஹேலர் மருந்தைப் பிடித்து வைக்கும் கூடு), எக்ஸ்பிரேட்டரி ஃபில்டர் (வெளிமூச்சுப் பக்க வடிகட்டி) வழங்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பகுதிகளில் கழுத்துக் குழாயோடு வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் மருந்தை நெபுலைஸ் செய்யும்போது (புகையாக்கிச் செலுத்தும்போது), மருந்தில் பெரும்பகுதி நுரையீரலுக்குப் போவதில்லை. வழியில் அது தேங்கும் இடங்கள் இவை.

ஒய்-பீஸுக்கும் (உள்மூச்சு, வெளிமூச்சுக் குழாய்கள் சேரும் Y வடிவ இணைப்பு) கழுத்துக் குழாய்க்கும் நடுவில் உள்ள ஹெச்.எம்.இ. ஃபில்டர் மூச்சின் ஈரத்தைப் பிடித்து வைப்பது. கழற்றாமல் நெபுலைஸ் செய்தால் மருந்தையும் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். நனைந்தபின் காற்றையும் தடுக்கும். மருந்து முடிந்ததும் திரும்ப மாட்ட மறந்தாலோ சளி காய்ந்து குழாய் அடைக்கும். இரண்டு தவறுமே உயிருக்கு ஆபத்து.

ஜெட் நெபுலைசரை (வேகமான காற்றால் மருந்தைப் புகையாக்கும் கருவி) இன்ஸ்பிரேட்டரி (உள்மூச்சு) குழாயில், ஒய்-பீஸுக்குச் சுமார் 15 செ.மீ. முன்னால் பொருத்த வேண்டும். நோயாளி மூச்சை வெளிவிடும் நேரத்தில் புகை அந்த நீளத்தில் தங்கி, அடுத்த மூச்சோடு உள்ளே போகும். கழுத்தருகே வைத்தால் வெளிமூச்சோடு போய்விடும். வால்வில்லாத டி-பீஸ் என்றால் ஒவ்வொரு முறையும் சர்க்யூட்டை (வென்டிலேட்டர் குழாய்த் தொடரை) பிரிக்க வேண்டியிருக்கிறது. பிரித்த கணமே பீப் (PEEP – வெளிமூச்சின் முடிவிலும் நுரையீரல் சுருங்காமல் காக்கும் அழுத்தம்) போய்விடும்.

நெபுலைசரை இயக்கச் சுவரிலுள்ள ஃப்ளோமீட்டரிலிருந்து நிமிடத்துக்கு 6 லிட்டர் கொடுத்தால், அது நொடிக்கு 100 மி.லி. உள்மூச்சு ஒரு நொடி என்றால், 400 மி.லி. வைத்த வால்யூம் கன்ட்ரோலில் (ஒவ்வொரு மூச்சுக்கும் இவ்வளவு காற்று என்று வைக்கும் முறை) 500 போகலாம். வலுவில்லாத நோயாளியால் அந்தக் காற்றோட்டத்தை மீறி ட்ரிகர் செய்யவும் (தன் மூச்சால் வென்டிலேட்டரைத் தூண்டவும்) முடியாது. வென்டிலேட்டரிலேயே நெபுலைசர் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துவது நல்லது.

எக்ஸ்பிரேட்டரி ஃபில்டர் இல்லாவிட்டால் மருந்து ஃப்ளோ சென்சரில் படிந்து அளவுகள் பொய்யாகும். ஒரே ஃபில்டரை மாற்றாமல் ஓட்டினால் அது ஊறி, வெளிமூச்சு முழுதாக வெளியேறாமல் தேங்கும்.

வீட்டில் இன்னொரு சிக்கல். கரண்ட் போனால் வென்டிலேட்டர் பேட்டரியில் ஓடும், நெபுலைசர் கம்ப்ரசர் ஓடாது. அங்கே இன்ஹேலரும், சர்க்யூட்டில் மாட்டும் ஸ்பேசரும்தான் கைகொடுக்கும்: முதலில் சளியை உறிஞ்சி, இன்ஹேலரைக் குலுக்கி, உள்மூச்சு தொடங்கும்போது ஒரு பஃப், அடுத்த பஃப்புக்குக் குறைந்தது 15 நொடி. ஸ்பேசர் இல்லாமல் எல்போ (வளைந்த இணைப்பு) வழியே அடித்தால் பாதிக்கு மேல் குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே, ஒவ்வொரு வென்டிலேட்டர் கட்டிலுக்குமான இண்டென்ட்டில் (தேவைப் பட்டியலில்) வால்வுள்ள டி-பீஸையும் எக்ஸ்பிரேட்டரி ஃபில்டரையும் சேர்க்கவும், வீட்டு நோயாளிகளுக்கு ஸ்பேசரும் சால்பூட்டமால் இன்ஹேலரும் தரவும் வேண்டுகிறோம். மெஷ் நெபுலைசர் (அதிரும் நுண்துளைத் தகட்டால் மருந்தைப் புகையாக்குவது) கூடுதல் காற்றைச் செலுத்தாது, கிண்ணத்தில் மருந்தும் மிகக் குறைவாகவே மிஞ்சும். விலை அதிகம் என்பதால் குழந்தைகள் பிரிவுக்கு மட்டுமாவது கேட்கிறோம். கிண்ணத்தைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் சூடோமோனாஸ் பாக்டீரியா தொற்று வரக்கூடும் என்பதால், கழுவ ஸ்டெரைல் வாட்டரும் வேண்டும். ஹெச்.எம்.இ.யைக் கழற்றியது, மாட்டியது இரண்டையும் குறிக்க கேஸ் ஷீட்டில் ஒரு கட்டம் போட்டுத் தரவும் உத்தரவிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்
இடம்: வடசென்னை