அடைப்புக்குறியை வாக்கியப் பாடமாகக் கற்பியுங்கள்: தமிழாசிரியர்களுக்கும் பாடநூல் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

பள்ளித் தமிழ்ப் பாடநூல்களை உருவாக்கும் குழுவினருக்கும், ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

மாணவர் கட்டுரைகளைத் திருத்துகிறவர்கள், அச்சுக்குப் போகும் படிகளில் மெய்ப்புப் பார்க்கிறவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம். ‘நிறுத்தக்குறி இடுக’ என்ற பயிற்சியில் காற்புள்ளி, மேற்கோள்குறி, வினாக்குறி எல்லாம் வந்துவிடுகின்றன. அடைப்புக்குறியோ பட்டியலின் கடைசியில் பெயரும் வடிவமுமாக நின்றுவிடுகிறது. பிறை அடைப்பையும் சதுர அடைப்பையும் மாணவர் பார்த்தவுடன் பெயர் சொல்லிவிடுவார். எங்கே போடுவது, போட்டால் பக்கத்துச் சொல்லுக்கு என்ன ஆகும், எங்கே போடாமல் இருப்பது என்று கேட்டால் பதில் வராது. இந்தக் குறியை வாக்கிய அமைப்போடு சேர்த்துக் கற்பியுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

முதலில் ஒரு விளக்கத்தைக் கைவிட வேண்டும். ‘முக்கியமில்லாததை அடைப்புக்குள் எழுது’ என்று சொல்லிக்கொடுப்பது தவறு. புரோநோட்டில் ‘ரூ. 50,000 (ரூபாய் ஐம்பதாயிரம் மட்டும்)’ என்று எழுதுகிறோம். எண்ணும் எழுத்தும் முரண்பட்டால், 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 18ஆம் பிரிவின்படி எழுத்தால் எழுதிய தொகையே செல்லும். அடைப்புக்குள் இருப்பதுதான் அங்கே தீர்ப்புச் சொல்கிறது. ஆகவே மாணவருக்குச் சொல்ல வேண்டிய விளக்கம் வேறு: அடைப்புக்குள் இருப்பது வாக்கியத்தின் இலக்கணத்துக்கு வெளியே நிற்பது. அதை எடுத்துவிட்டாலும் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை மூன்றும் குலையாமல் இருக்க வேண்டும்.

இதைச் சோதிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, அடைப்பின் மேல் வைத்து மறைத்துவிட்டு, மீதியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ‘கீழடியில் (சிவகங்கை மாவட்டம்) 2015இல் அகழாய்வு தொடங்கியது.’ மறைத்துப் படித்தாலும் வாக்கியம் நிற்கிறது. ‘கீழடி (சிவகங்கை மாவட்டம்)யில் 2015இல் அகழாய்வு தொடங்கியது.’ மறைத்தால் ‘கீழடி’ தனியாகவும் ‘யில்’ தனியாகவும் கிடக்கும். பிழை எங்கே என்று ஆசிரியர் சொல்லும் முன்பே மாணவரின் காது சொல்லிவிடும்.

கணக்கு வகுப்பில் இதே குறி வேறு வேலை செய்கிறது என்பதையும் ஒரு முறை சொல்லிவிடுவது நல்லது. 3 × (4 + 5) என்பது 27. அடைப்பை நீக்கி 3 × 4 + 5 என்று எழுதினால் 17. அங்கே அடைப்புக்குள் இருப்பதை முதலில் செய்ய வேண்டும். உரைநடையில் வாக்கியத்தை முதலில் முடித்துவிட்டு அடைப்பைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் குழப்பம் தீரும்.

தமிழில் அதிகம் சிக்கல் தருவது உருபு. ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் பெயருக்கு முன்னால் தனிச்சொல்லாக நிற்பதால் அடைப்பு அதைத் தொடுவதில்லை. தமிழில் வேற்றுமை உருபு பெயரின் வாலில் ஒட்டுவதால், பெயருக்கும் உருபுக்கும் நடுவில் அடைப்பு நுழைந்துவிடுகிறது. ‘ஆறுமுக நாவலர் (1822–1879)ஆல் பதிப்பிக்கப்பட்ட’ என்று எழுதுவது இப்படித்தான் வருகிறது. ‘ஆறுமுக நாவலரால் (1822–1879) பதிப்பிக்கப்பட்ட’ என்பதே சரி. பெயர் உருபை ஏற்று முடிந்த பிறகே அடைப்பு திறக்க வேண்டும். உள்ளே இருப்பது ஆண்டாகவோ மாவட்டப் பெயராகவோ இருந்தால் அதற்கு உருபு வேண்டாம். வெளியே உள்ள பெயருக்குப் பதிலாக நிற்கக்கூடிய இன்னொரு பெயராக இருந்தால் அதே உருபு அதற்கும் வேண்டும்: ‘உழவர்களுக்கு (சிறு, குறு உழவர்களுக்கு) மானியம் உண்டு.’

அடுத்தது ஒற்று. ஆசிரியர்களே இதில் மாறுபடுவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். ‘அரிசியைக் கொடுத்தார்’ என்பதில் க் மிகும். நடுவில் ‘(5 கிலோ)’ வந்தால் அந்த க் எங்கே போகும்? மூன்று விதமாக எழுதுகிறார்கள்:

அரிசியைக் (5 கிலோ) கொடுத்தார்.
அரிசியை (5 கிலோ)க் கொடுத்தார்.
அரிசியை (5 கிலோ) கொடுத்தார்.

முதலாவதை வாய்விட்டுப் படித்தால் ‘அரிசியைக் ஐந்து’ என்று வரும். உயிரெழுத்துக்கு முன்னால் வல்லொற்று மிகக் காரணமே இல்லை. இரண்டாவதில் அடைப்புக்குப் பின்னால் ஒரு மெய்யெழுத்து தனியே தொங்குகிறது. தமிழில் மெய் தனித்து முதலில் நிற்காது. மூன்றாவதே சரி என்பது எங்கள் முடிவு. இரண்டு சொற்கள் இடைவெளியின்றிச் சேர்ந்து ஒலிக்கும்போது மிகுவதுதான் ஒற்று. அடைப்பு வந்த இடத்தில் குரல் நின்றுவிடுகிறது. காற்புள்ளிக்கு முன் ஒற்று மிகாததற்கும் இதுவே காரணம். துண்டுக் காகிதச் சோதனையில் இந்த ஓர் ஒற்று குறையும். அதற்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். எல்லாவற்றிலும் நல்லது ‘5 கிலோ அரிசியைக் கொடுத்தார்’ என்று அடைப்பே இல்லாமல் எழுதுவது.

அடைப்பு இல்லாமல் எழுதும் வழிகளைத்தான் மாணவருக்கு முதலில் தர வேண்டும். பெயருக்கு முன்னாலேயே எவ்வளவு விளக்கத்தையும் அடுக்கும் வசதி தமிழில் உண்டு. ‘வைகை அணை (தேனி மாவட்டத்தில் உள்ளது, 1959இல் திறக்கப்பட்டது) நிரம்பியது’ என்று ஒரு மாணவர் எழுதினால், அவருக்கு வேண்டியது பெயரெச்சப் பயிற்சி: ‘தேனி மாவட்டத்தில் 1959இல் திறக்கப்பட்ட வைகை அணை நிரம்பியது.’ இடத்தைச் சொல்லும்போது பெரியதிலிருந்து சிறியதுக்கு வருவது நம் வழக்கம். ‘சிவகங்கை மாவட்டம் கீழடியில்’ என்றாலே போதும். மேலே காட்டிய எடுத்துக்காட்டுக்கும் உண்மையில் அடைப்பு தேவையில்லை. ‘என்னும்’, ‘ஆகிய’, ‘எனப்படும்’, ‘அதாவது’ ஆகிய சொற்கள் எல்லாம் அடைப்பின் வேலையைச் செய்பவை. ஓலைச்சுவடியில் இந்தக் குறிகள் இல்லாத காலத்திலேயே உரையாசிரியர்கள் ‘அஃதாவது’ என்ற ஒரு சொல்லைக் கொண்டு விளக்கத்தை மூலத்திலிருந்து பிரித்துக் காட்டினார்கள்.

அப்படியானால் அடைப்பு எங்கேதான் வேண்டும்? பிறப்பு, இறப்பு ஆண்டுகளுக்கு வேண்டும். மேற்கோளுக்குப் பின் குறள் எண், பாடல் எண் தருவதற்கு வேண்டும். நீண்ட பெயரின் சுருக்கத்தை முதல் முறை அறிமுகம் செய்வதற்கு வேண்டும். அடுத்த முறை சுருக்கம் மட்டும் வந்தால் போதும். ‘மேட்டூர் அணையின் நீர்மட்டம் (முழு அளவு 120 அடி) 98 அடியாகக் குறைந்தது’ என்பதில் உள்ளதுபோல், ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் தேவைப்படும் இடத்திலும் வேண்டும். அதைப் பெயரெச்சமாக்கினால் வாக்கியம் கனத்துவிடும். நாடகத்தில் ‘(கதவைத் திறந்தபடி)’ போன்ற நடிப்புக் குறிப்புக்கும் அதுதான் இடம். சதுர அடைப்பு பள்ளியில் ஒரே ஒரு வேலைக்குப் போதும்: பிறர் எழுதியதை மேற்கோள் காட்டும்போது நடுவில் நாம் சேர்க்கும் சொல்லுக்கு.

முற்றுப்புள்ளி எளிது. அடைப்பு வாக்கியத்துக்குள் இருந்தால் புள்ளி வெளியே: ‘நாளையும் மழை நீடிக்கும் (வானிலை மைய அறிவிப்பு).’ முந்தைய வாக்கியம் முடிந்தபின் முழு வாக்கியமே அடைப்புக்குள் வந்தால் புள்ளி உள்ளே: ‘நாளை பள்ளிக்கு விடுமுறை. (அரசுத் தேர்வு மட்டும் நடக்கும்.)’ திறக்கும் அடைப்புக்கு முன் காற்புள்ளி வராது, தேவையானால் மூடிய பின் வரும்.

பயனிலையும் வழுக்கும் இடம். ‘தலைமையாசிரியர் (உடன் இரண்டு ஆசிரியர்கள்) வந்தனர்’ என்று எழுதுகிறார்கள். எழுவாய் தலைமையாசிரியர் ஒருவரே. ‘வந்தார்’ என்றே முடிய வேண்டும். மூவரும் வந்ததைச் சொல்ல விரும்பினால் ‘தலைமையாசிரியரும் இரண்டு ஆசிரியர்களும் வந்தனர்’ என்று எழுதட்டும்.

விண்ணப்பப் படிவங்களிலிருந்து மாணவர் எடுத்துக்கொள்ளும் ஒரு பழக்கம் ‘ஆவணம்(கள்)’. ‘பெயர்(கள்)’ என்றால் பரவாயில்லை. சொல் உருமாறாமல் ‘கள்’ ஒட்டுகிறது. ‘ஆவணம்’ பன்மையில் ‘ஆவணங்கள்’ ஆகிறது, ‘கல்’ ‘கற்கள்’ ஆகிறது. ஈறு திரியும் சொல்லில் இந்தக் குறுக்குவழி செல்லாது. ‘ஆவணம் / ஆவணங்கள்’ என்று இரண்டையும் எழுதலாம், அல்லது பன்மையை மட்டும் எழுதலாம்.

இன்னொன்று தாளில் கண்ணுக்குத் தெரியும். அடித்தல் திருத்தல் கூடாது என்று சொல்லி வளர்த்ததால், தவறாக எழுதிய சொல்லை அடிக்காமல் அடைப்புக்குள் போட்டுவிட்டு அடுத்த சொல்லை எழுதுகிறார்கள். படிப்பவர் அதையும் சேர்த்துத்தான் படிப்பார். தவறான சொல்லின் குறுக்கே ஒரே ஒரு கோடு போடலாம் என்று வெளிப்படையாக அனுமதியுங்கள்.

எழுதும் முறையிலும் இரண்டு செய்திகள் உண்டு. கையெழுத்தில் பிறை குட்டையாக இருந்தால் எழுத்தோடு கலந்துவிடும். ‘கு’, ‘ழு’ போன்ற எழுத்துகளின் கீழ் வளைவையும் தாண்டும் உயரம் வேண்டும். தட்டச்சில் திறக்கும் அடைப்புக்கு முன் ஓர் இடைவெளி, பின் இடைவெளி இல்லை. மூடும் அடைப்புக்கு முன் இடைவெளி இல்லை. உள்ளே இடைவெளி விட்டால் வரியின் கடைசியில் பிறை மட்டும் தனித்து நின்று, சொல் அடுத்த வரிக்குப் போய்விடும்.

இதற்கெல்லாம் மூன்று பாடவேளை போதும் என்று கருதுகிறோம். முதல் பாடவேளையில் சரியும் தவறுமாகப் பத்து வாக்கியங்களைத் துண்டுக் காகிதத்தால் மறைத்துப் படிப்பது. இரண்டாவதில் அடைப்புள்ள எட்டு வாக்கியங்களைப் பெயரெச்சம், ‘எனப்படும்’, தனி வாக்கியம் என்று மாற்றி எழுதி, எதை மாற்றினால் வாக்கியம் கெடுகிறது என்று வகுப்பில் பேசுவது. மூன்றாவதில் ஊரைப் பற்றி எண்பது சொற்களில் ஒரு பத்தி. அதில் அடைப்பு இரண்டுக்கு மேல் கூடாது, போட்ட ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் ஒரு வரி காரணம். அந்தக் காரணத்தைப் படித்து மதிப்பெண் போடுங்கள்.

பாடநூல் குழுவினரிடம் கேட்பது இரண்டு. நிறுத்தக்குறிப் பகுதியில், உருபையும் ஒற்றையும் காட்டும் எடுத்துக்காட்டுகளோடு அடைப்புக்குறிக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். எல்லாப் பாடநூல்களின் மெய்ப்பிலும் ‘)யில்’, ‘)ஆல்’, ‘)க்’ ஆகிய மூன்றையும் தேடித் திருத்துங்கள், அறிவியல், சமூக அறிவியல் நூல்களிலும் மாணவர் படிப்பது தமிழைத்தான்.

அன்புடன்,
மாணவர் எழுத்தைத் திருத்துவோரும் மெய்ப்புப் பார்ப்போரும்