உனக்கு எந்த ஊரு சாமி?

கண்ணு,

சாப்டியா? ஆபீஸ்ல யாராவது சொந்த ஊரு எதுன்னு கேட்டா திருநெல்வேலின்னு சொல்றதா டோக்கியோன்னு சொல்றதான்னு நேத்து போன்ல கேட்டல்ல, நான் குழம்பு அடுப்புல இருக்குன்னு வச்சிட்டேன், ஆனா ராத்திரி பூரா அதே நெனப்பு.

நீ பொறந்தப்ப நாம டோக்கியோல கண்டாங்கிற ஏரியால இருந்தோம். கீழ்வீட்டுப் பாட்டிதான், ஒரு மாசம் ஆச்சு, பிள்ளைய சாமிகிட்ட காட்ட வேணாமான்னு நச்சரிச்சு கண்டா மியோஜின் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மியாமைரின்னு பேரு. அப்பாவப் பெத்த அம்மாதான் பிள்ளைய தூக்கணுமாம், பெத்தவளுக்குத் தீட்டுன்னு இருந்த காலத்து வழக்கம், கடல் தாண்டி வந்தாலும் இந்தத் தீட்டு நம்மள விடல பாரு. ஆச்சி ஊர்ல இருந்ததால பாட்டியே உன்னைத் தூக்கிக்கிட்டாங்க. பூசாரி மந்திரத்தோட நம்ம அட்ரஸ், உன் பேரு எல்லாம் சேத்து வாசிச்சாரு, உன் பேர்ல இருக்குற ழ அவரு வாயில ர ஆயிடுச்சு, உங்கப்பா சிரிப்ப அடக்க தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. வெள்ளைக் காகிதம் கட்டுன குச்சிய உன் தலைக்கு மேல ஆட்டுனப்ப நீ அழவே இல்ல, அதையே பாத்துட்டிருந்த.

வெளிய வந்து பாட்டி சொன்னாங்க, குடியிருக்குற எடத்துக் காவல் சாமி உஜிகாமி, வீடு மாறினா அதுவும் மாறும், ஆனா பொறந்த மண்ணோட சாமி உபுசுனாகாமி, அது எங்க போனாலும் கடைசி வரைக்கும் கூட வரும். உஜிகாமின்னா முன்னாடி ஒரு வம்சத்தோட சாமியாம், நம்ம குலதெய்வம் மாதிரி, இப்ப எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுப் பேசுறாங்க.

பாட்டிக்கு வாகயாமா பக்கம். 1906ல சின்னக் கோயில்களை இணைக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டு, சில வருஷத்துல நாடு முழுக்க சுமார் 70,000 கோயில் இல்லாமப் போச்சு, கோயில் காட்டையும் வெட்டி வித்தாங்க. அந்தப் பக்கத்து அறிஞர் மினகாதா குமாகுசு அத எதிர்த்து 1910ல ஜெயிலுக்கே போனாரு. பாட்டி ஊரு சாமியும் அப்டித்தான் பக்கத்து ஊரு கோயிலுக்குப் போச்சு. "எங்க சாமி வாடகை வீட்ல இருக்கு"ம்பாங்க.

அதனால கேட்டா கண்டான்னே சொல்லு. அங்க 108 பேட்டைக்கும் அந்த சாமிதான் காவல், எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற அகிஹபாராவும் அதுக்குள்ளதான், கம்ப்யூட்டருக்குத் தாயத்து விக்கிறாங்களே அதே கோயில். திருநெல்வேலி எங்க ஊரு, கோவிச்சுக்காத.

ஒசாகால உன் ரூம் பக்கத்து கோயிலுக்கும் ஒரு தரம் போயி தலையக் காட்டிட்டு வா. ரெண்டு தரம் குனி, ரெண்டு தரம் கை தட்டு, திரும்ப ஒரு தரம் குனி. பையில தொங்குற பழைய ஓமாமோரி, அதான் கோயில் தாயத்து, நைஞ்சு போச்சுன்னு குப்பையில போட்டுடாத, புது வருஷத்துக்கு வர்றப்ப எடுத்துட்டு வா, கண்டாலயே திருப்பிக் குடுத்துட்டு புதுசு வாங்கிக்கலாம்.

அம்மா