கார் தரையில் நிற்கும்போதுதான் போல்ட்டை இறுக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயரம் குறைத்து அகலமான சக்கரங்கள் பூட்டிய கார்களுக்கு ஆஃப்டர்மார்க்கெட் (கார் நிறுவனம் தராத, வெளிச்சந்தையில் வாங்கும்) சஸ்பென்ஷன் பொருத்துவது குறித்துச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த, உயரம் மாற்றத்தக்க காயிலோவரைத் தேர்ந்தெடுப்பது பற்றி நிறைவாக எழுதிய கட்டுரையாளர், பொருத்தும் வேலையை நான்கே வரிகளில் முடித்துவிட்டார். என் கார் கெட்டது அந்த நான்கு வரிகளுக்குள் அடங்கிய வேலையில்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

காயிலோவர் பொருத்திய சில மாதங்களிலேயே என் காரில், முன்சக்கரத்தைக் காரின் சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்கள் கிழிந்துவிட்டன. கழற்றிப் பார்த்தபோது, நடுவிலுள்ள இரும்புக் குழாயை ஒட்டி ரப்பர் பிறை வடிவில் விண்டிருந்தது. கார் ஜாக்கியின் மேல் நிற்க, சக்கரங்கள் தொங்கிய நிலையிலேயே அந்தப் புஷ்களின் போல்ட்டுகளை முழுமையாக இறுக்கியிருந்தார்கள். இவ்வகைப் புஷ் குழாயின் மேல் சுழலாது. ரப்பர் முறுக்கிக் கொடுப்பதால்தான் ஆர்ம் அசைகிறது. தொங்கிய நிலையில் இறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கிய கணம் முதல் ரப்பர் முறுக்கேறியபடியே இருக்கும். ஆகவே போல்ட்டுகளைத் தளர்வாகப் பூட்டி, காரின் பாரம் முழுவதும் சக்கரங்களின் மேல் இறங்கிய பிறகே, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். பின்னாளில் உயரத்தைக் கணிசமாக மாற்றினாலும், அவற்றைத் தளர்த்தி மீண்டும் இறுக்க வேண்டும்.

அகலமான சக்கரத்தில் கணக்கு வேறு. 7 அங்குல அகல ரிம்முக்குப் பதிலாக அதே ஆஃப்செட்டில் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்) 9 அங்குல அகல ரிம் போட்டால், உள்ளேயும் வெளியேயும் ஏறத்தாழ 25 மி.மீ. கூடும், ஆஃப்செட்டை 10 மி.மீ. குறைத்தால் உட்புறம் 15, வெளிப்புறம் 35 என்றாகும். மெக்பெர்சன் வகை சஸ்பென்ஷனில் ஸ்ட்ரட்டும் (ஷாக் அப்சார்பர் அடங்கிய தூண்) சக்கரமும் சேர்ந்தே ஏறி இறங்குவதால், ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியைக் கார் நிற்கும்போதே அளந்துவிடலாம். சக்கரத்தின் மேலுள்ள தகடான ஃபெண்டரின் விளிம்பு சக்கரத்தோடு ஏறி இறங்காது என்பதால் அதை அப்படி நம்ப முடியாது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, பம்ப் ஸ்டாப்புடன் (சஸ்பென்ஷன் முழுதும் அமுங்கும்போது முட்டித் தாங்கும் மெத்துத் துண்டு) ஷாக் அப்சார்பரை மட்டும் பொருத்தி, சக்கரத்தை மாட்டி, பம்ப் ஸ்டாப் நசுங்கும்வரை ஜாக்கியால் மெல்ல உயர்த்தி, ஸ்டியரிங்கை இரு முனைக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். டயர் எங்கே உரசுகிறது என்பது அப்போது கண்முன்னே தெரியும். சவாரி மென்மையாக இருக்கட்டும் என்று பம்ப் ஸ்டாப்பை வெட்டிவிடுபவர்கள் இதைச் செய்து பார்த்தால் வெட்டமாட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஷாக் அப்சார்பரின் மேல் நட்டை இறுக்கும்போது அதன் பிஸ்டன் தண்டை இடுக்கியால் பிடிக்கவே கூடாது. அதில் விழும் ஒரு கீறல் ஆயில் சீலைக் கிழித்து எண்ணெயை வெளியேற்றிவிடும். காரின் உயரம் மாறியிருப்பதால், வேலை முடிந்தபின் முகப்பு விளக்குகளின் கோணத்தையும் சரிபார்க்க வேண்டும்.

வீல் அலைன்மென்ட்டை உடனே ஒருமுறையும், சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படிந்தபின் மறுமுறையும் செய்வது அவசியம். டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் எல்லோரும் கேம்பரையே (முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளோ வெளியிலோ சாய்ந்திருக்கும் கோணம்) குறை சொல்கிறார்கள். உயரம் குறைந்ததால் மாறிப்போன டோ அளவே (மேலிருந்து பார்க்கையில் சக்கரங்களின் முன்பகுதி உள்ளோ வெளியிலோ திரும்பியிருக்கும் அளவு) டயரை அதைவிட வேகமாகத் தின்றுவிடும்.

இறுக்கும் முறையையும் ஸ்பிரிங் இல்லாமல் சக்கரத்தை உயர்த்திப் பார்க்கும் சோதனையையும் அடுத்த இதழில் படங்களுடன் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்