நைட் ஷிஃப்ட் வேண்டாம் என்றது இதனால்தான்

நீடாமங்கலம்
8.8.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வீட்டில் எல்லோரும் சுகமா? இங்கே அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர மற்றபடி நலம்.

போன ஞாயிறு நீ பேசியபோது நான் ஆற்றங்கரையில் நின்றிருந்தேன். பதினெட்டாம் பெருக்கு. உன் தங்கச்சியும் மகளும் படித்துறையில் காதோலை கருகமணி வைத்துப் படைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷம் மேட்டூர் ஜூன் 12-லேயே திறந்து, மாதக் கடைசிக்குள் 120 அடியும் நிரம்பிவிட்டது அல்லவா, வெண்ணாற்றில் நல்ல தண்ணீர். அந்தச் சத்தத்தில் நீ சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. சூப்பர்வைசர் வேலை, 22,000 சம்பளம், தங்க இடம், நைட் ஷிஃப்ட். நான் வேண்டாம் என்றேன். "சரி மச்சான், உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டாய்.

உன் குரலில் இருந்த வருத்தம் ஐந்து நாளாக மனதை அரிக்கிறது. ஆறு வருஷமாக நிலையான வேலை இல்லாதவன், கூப்பிட்டுக் கொடுக்கிற வேலையை வேண்டாம் என்றால் யாருக்கும் கோபம் வரும். அம்மாவே இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பக்கத்தில் ஆள் இருக்கும்போது போனில் இதையெல்லாம் பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

2019-இல் எனக்கு உடம்பு சரியில்லாமல் போனது உனக்குத் தெரியும். எப்படி ஆரம்பித்தது என்று உன்னிடம் சொன்னதே இல்லை. ஒரகடம் பக்கம் நான் இருந்த கம்பெனியில் வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். அந்தச் சித்திரையில் ஆள் பற்றாக்குறை என்று தொடர்ந்து மூன்று வாரம் இரவு ஷிஃப்டில் நின்றேன். பகலில் தகரக் கூரை ரூமில் எங்கே தூங்குவது? நான்காவது வாரம் தூக்கமே தேவைப்படவில்லை. இரண்டு மணி நேரம் படுத்தால் போதும், களைப்பே தெரியவில்லை மாப்பிள்ளை. அவ்வளவு தெளிவாக என் புத்தி அதற்கு முன் வேலை செய்ததே இல்லை என்று நம்பினேன். லீவு போட்டு ஊருக்கு வந்தேன். 23 நாளில் பழைய அறுவடை இயந்திரம் ஒன்றுக்கு இரண்டு லட்சம் முன்பணம், மூன்று பேரிடம் கைமாற்று, ஒரு ஃபைனான்ஸில் கடன். அப்பா விட்டுப்போன ஆறு மா நிலத்தில் மூன்று மாவை ஒத்திக்கு எழுதிக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் டிபன் வாங்கிக் கொடுத்தேன். எல்லாம் சேர்த்து 4,60,000.

நோயின் அடையாளமே இதுதான் என்று பிறகு டாக்டர் சொன்னார். தூக்கம் குறையும், பேச்சு கூடும், கை நிற்காமல் செலவாகும். அப்புறம் ஒருநாள் மனம் அடியோடு விழுந்துவிடும். இருமுனைக் கோளாறு என்று பெயர். தூக்கம் கெடுவது அதைக் கிளப்பிவிடக்கூடிய பெரிய காரணங்களில் ஒன்று. இப்போது புரிகிறதா, நான் ஏன் வேண்டாம் என்றேன் என்று? நீ தரும் 22,000-க்கு மாதக்கணக்கில் இரவு விழித்து, ஒரே ஒரு முறை மறுபடி அப்படி ஆனால், இன்னொரு 4,60,000-க்கு எங்கள் வீட்டில் மிச்சம் இருப்பது மூன்று மா நிலம்தான், நகையும் இல்லை.

அப்போது சொந்தக்காரர்கள், மனநோயாளிகளைக் கொண்டுபோய்த் தங்கவைக்கும் ஏர்வாடி தர்கா பக்கம் கொண்டுபோய்க் கட்டிவைக்கச் சொன்னார்கள். உன் தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் இறந்துபோனதைப் பள்ளிக்கூடம் படிக்கிற வயதில் பேப்பரில் பார்த்தவள் அவள். வாடகைக் கார் பிடித்துத் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். முந்தாநாள் காலண்டரில் அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள்.

நாற்பது நாள் கழித்துக் கம்பெனிக்குப் போனபோது ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள். வேலையில் இருக்கும்போது ஊனமானவரை அரசு நிறுவனங்கள் நீக்கக் கூடாது என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தில் மனநோயும் உண்டு. ஆனால் என்னுடையது தனியார் வேலை. இன்னொன்றும் உன்னிடம் அவசியம் சொல்ல வேண்டும். என் சம்பளம் 21,000-ஐத் தாண்டியதால் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு நின்றுபோயிருந்தது. பிடித்தம் போய்க் கைக்குக் கொஞ்சம் கூட வருகிறதே என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். கடுமையான மனநோய் இ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. தகுதி இருப்பவர்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதம், அதிகபட்சம் இரண்டு வருஷம் வரை கிடைக்கும். உன் யூனிட்டில் யாருக்காவது இப்படி வந்தால் ராஜினாமா எழுத விடாதே. முதலில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. இதற்காக மட்டுமாவது இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்.

பி.எஃப். பணம் வட்டிக்கே சரியாகப் போயிற்று. 2020 முழுக்கப் பாயில் கிடந்தேன். உன் போனைக்கூட எடுக்கவில்லை. கடன் கொடுத்தவர் வாசலில் நின்றால் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துவிடுவேன். உன் தங்கச்சிதான் பதில் சொல்லுவாள். அடுத்த வருஷம் ஒரு இன்டர்வியூ வந்தது. மாத்திரை போட்டால் காலையில் மந்தமாக இருக்கிறதே என்று நானாக நிறுத்தினேன். ஐந்தாவது வாரம் மறுபடி தூக்கம் போயிற்று. இந்தத் தடவை அவள் மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். அதனால் பணம் போகவில்லை, வந்த வேலை மட்டும் போயிற்று.

அதற்கு அடுத்த தையில் ஒரு நோட்டை என் முன்னால் வைத்து, யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று ஒன்று விடாமல் எழுதச் சொன்னாள். எழுத எழுதக் கை நடுங்கிற்று. அதுவரை கடன் மொத்தம் எவ்வளவு என்று எனக்கே தெரியாது. கூட்டிப் பார்க்கப் பயந்து அத்தனை நாள் கிடந்திருக்கிறேன். ஓடுகிற வட்டியை முதலில் அடைப்பது, சொந்தக்காரர்களிடம் நேரில் போய்த் தவணை கேட்பது, ஒத்தியைக் கடைசியில் மீட்பது என்று வரிசை போட்டோம். ஏ.டி.எம். கார்டும் ஜிபேயும் அவளிடம். இன்னொரு தாளும் எழுதி நானே கையெழுத்துப் போட்டேன்: இரண்டு நாள் தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் என் போனையும் வண்டிச் சாவியையும் அவள் வாங்கிக்கொள்ளலாம், டாக்டரிடம் கூட்டிப்போகலாம், நான் மறுத்துப் பேசக் கூடாது. நோய் வந்தால் எப்படிச் சிகிச்சை தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தந்திருக்கிறதாம். எங்களுடையது அந்த முறைப்படி எழுதியது இல்லை. ஆனாலும் அந்தத் தாள் சாமி மாடத்தில் இருப்பதால் எனக்கு நிம்மதி.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்க ஒரு வருஷம் யோசித்தோம். பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது இது தெரிந்தால் என்ன ஆகும் என்று அம்மா அழுதது. அதில் தப்பு சொல்ல மாட்டேன். கடைசியில் மகளே, "போயிட்டு வாங்கப்பா" என்றாள். தன்னைத் தான் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்று நான்கு விஷயமாகக் கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள். முதல் மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன். வேலை என்றதும் வாய் வரவில்லை. உன் தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப இல்ல சார்" என்றாள். 45 சதவீதம் என்று எழுதினார்கள்.

போன வருஷம் மேட்டூர் ஜூலை 28-க்குத்தான் திறந்தது. நம் மூன்று மாவில் போர்வெல் இல்லை, குறுவை போடவே முடியவில்லை. கூலிக்கு ஆள் வைக்கப் பணம் ஏது என்று இந்தச் சித்திரை வெயிலில் நானே மண்வெட்டி எடுத்து வரப்பு வெட்டினேன். நான்காம் நாள் வாந்தி, கை நடுக்கம், நாக்கு குழறல். நான் போடுவது லித்தியம் மாத்திரை. வியர்த்து உடம்பில் தண்ணீர் வற்றினால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். போதாததற்கு இடுப்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வேறு போட்டிருந்தேன், சில வலி மாத்திரைகளும் அதை ஏற்றிவிடுமாம். டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டார். ஆக, வெயிலிலும் ஓரளவுக்கு மேல் நிற்க முடியாது, இரவிலும் விழிக்க முடியாது. நடுவில் மிச்சம் இருக்கிற பகல்தான் எனக்கு.

இப்போது ஒரு உரக்கடையில் காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை கணக்கு எழுதுகிறேன். டேலி தெரியும் என்பது உதவிற்று. மாதம் 6,000. உன் தங்கச்சி நூறு நாள் வேலைக்குப் போகிறாள், மகளிர் உரிமைத் தொகை 1,000 வருகிறது. ரேஷன் அரிசியால் சோற்றுக்குக் கவலை இல்லை. மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மகள் மன்னார்குடி அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்ந்துவிட்டாள். அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 அவள் கணக்குக்கே வரும், அதைத் தொடுவதில்லை என்று பேசிவைத்திருக்கிறோம். சித்திரையில் பவுன் 70,000-ஐத் தாண்டியிருந்தபோது கடைசியாக இருந்த இரண்டு பவுனை விற்று ஃபைனான்ஸ் கடனை முடித்தோம். நோட்டில் அந்தப் பக்கத்தை அவள் குறுக்கே கோடு போட்டு அடித்தபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அழுகை வந்துவிட்டது. இன்னும் 1,35,000 பாக்கி, ஒத்தி உட்பட.

உன்னிடம் ஒரு உதவி கேட்கிறேன். உங்கள் பக்கம் சின்ன யூனிட்களில் பில் போட, ஜி.எஸ்.டி. கணக்கு ஏற்ற வெளியில் ஆள் வைப்பார்கள் என்று முன்பு சொல்லியிருக்கிறாய். சாயங்காலம் இரண்டு மணி நேரம், வீட்டிலிருந்தே செய்வது போல இருந்தால் கேட்டுப் பார். எட்டு மணிக்கு மேல் பார்க்க மாட்டேன், பத்து மணிக்குப் படுத்தாக வேண்டும். என் நோயைப் பற்றி அவர்களிடம் நீயே முதலில் சொல்லிவிடு. தெரிந்து கொடுத்தால் போதும், மறைத்து ஒரு வேலை வேண்டாம்.

2020-இல் நீ அனுப்பிய 5,000, நீ மறந்திருந்தாலும், நோட்டில் உன் பெயரில் இருக்கிறது. வரிசையில் நீ ஏழாவது. தீபாவளிக்கு வரும்போது பிள்ளைகளையும் கூட்டி வா. இந்தக் குறுவை அதற்குள் அறுத்திருப்போம்.

உன் மச்சான்