கிரைண்டர் மேல் பழி வேண்டாம்

அன்புள்ள குமார்,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. புது எல்இடி விளக்குகளால் அடுப்படி பளிச்சென்று இருக்கிறது, ஆனால் மாவாட்டப் போனால் வீடே இருட்டாகிறது என்று எழுதியிருக்கிறாய். லோடு தாங்கவில்லை, பெரிய எம்சிபி (கரண்ட் அளவை மீறினால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் பிரேக்கர்) மாட்டிவிடலாம் என்கிறாராமே உங்கள் எலக்ட்ரீஷியன். சம்மதிக்காதே.

கணக்கைப் பார். 12 வாட் டவுன்லைட் ஆறு, 72 வாட். அலமாரிக்கு அடியில் மீட்டருக்கு 14.4 வாட் ஸ்ட்ரிப் ஐந்து மீட்டர், அதுவும் 72. மொத்தம் 144 வாட். 230 வோல்ட்டில் முக்கால் ஆம்பியர்கூட இல்லை. மட்டமான டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் பெட்டி), பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 0.5 என்றே வைத்தாலும் ஒன்றேகால் ஆம்பியர். 6 ஆம்பியர் எம்சிபிக்கு இதெல்லாம் ஒரு சுமையா? லைட் லைனில் 1.5 சதுர மி.மீ. ஒயர்தான் ஓடும். அதற்கு 6 அல்லது 10 ஆம்பியர் சரி. 32 ஆம்பியர் எம்சிபியை மாட்டினால் பிரேக்கர் விழாது, ஒயர் வேகும்.

வீடு முழுக்க அணைகிறது என்றால் விழுவது ஆர்சிசிபி, அந்த 'டெஸ்ட்' பட்டன் உள்ள அகலமான பிரேக்கர். அது லோடைப் பார்ப்பதில்லை. பேஸில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரல் வழியே திரும்பியதா என்றுதான் பார்க்கிறது. 30 மில்லிஆம்பியர் வகையில், வித்தியாசம் 15-ஐத் தாண்டினால் எப்போது வேண்டுமானாலும் விழலாம். 30 வந்தால் விழுந்தே ஆகவேண்டும்.

நீ எழுதியதில் எனக்குப் பட்ட முக்கியமான வரி, லைட் எம்சிபியை இறக்கி வைத்தாலும் கிரைண்டர் போட்டதும் விழுகிறது என்பது. சிங்கிள் போல் எம்சிபி பேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் ஒயரோ, டிபி பாக்ஸில் (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) எல்லா நியூட்ரலும் சேரும் லிங்க்கோடு சேர்ந்தே இருக்கும். சீலிங்குக்குள் புது விளக்கின் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கிரைண்டர் கரண்ட் திரும்பும்போது ஒரு பங்கு அந்த வழியாக எர்த்துக்கு நழுவுகிறது. ஒரு ஆம்பியர் ஓடினால் நூற்றில் மூன்று பங்கு நழுவினாலே போதும். குற்றம் விளக்கின் ஒயரில், பழி கிரைண்டர் மேல்.

சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். ஆர்சிசிபியை இறக்கு. இன்வர்ட்டரையும் அணைத்து அதன் அவுட்புட்டைக் கழற்றிவிடு. மெயின் இல்லாதபோதும் லைட் லைனில் 230 வோல்ட் தருவது அதுதான். பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் இடையே வோல்ட்டேஜ் இல்லை என்று மீட்டரில் பார்த்தபிறகே கை வை. நியூட்ரல் லிங்க்கிலிருந்து அடுப்படி லைட் ஒயரை மட்டும் கழற்று. ஓம் நிலையில் ஒரு முனையை அதிலும் மறுமுனையை எர்த் பாரிலும் (எர்த் ஒயர்கள் சேரும் பட்டை) வை. எண்ணே வராமல் 'ஓஎல்' என்று நின்றால் நல்லது. சில ஓம் காட்டினால் திருடன் அந்த ஒயரில்தான்.

பிறகு பாதி பாதியாகப் பிரித்துத் தேடு. நடு விளக்கில் இணைப்பைக் கழற்றி, எந்தப் பக்கம் இன்னும் ஓம் காட்டுகிறது என்று பார். ஸ்ட்ரிப்பைப் பொருத்தும் அலுமினிய புரொஃபைலுக்கு அடித்த ஸ்குரூ ஒயரைத் துளைத்திருக்கலாம். டவுன்லைட்டின் ஸ்பிரிங் கிளிப் ஒயரைக் கடித்திருக்கலாம். நியூட்ரலின் கறுப்பையும் எர்த்தின் பச்சையையும் அவசரத்தில் சேர்த்து முறுக்கியிருக்கலாம்; இது நீ நினைப்பதைவிட அதிகம் நடக்கும். எலக்ட்ரீஷியன் மெக்கர் (அதிக வோல்ட் கொடுத்து ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) கொண்டுவந்தால் முதலில் டிரைவர்களைக் கழற்றச் சொல். 500 வோல்ட்டைப் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே கொடுத்தால் டிரைவர் போய்விடும். எர்த்துக்கு 1 மெகா ஓமுக்கு மேல் வர வேண்டும்.

மீட்டர் சுத்தமாகக் காட்டினால் இன்வர்ட்டர் பக்கம் திரும்பு. இன்வர்ட்டர் லைன் ஆர்சிசிபிக்கு வெளியே இருந்து, விளக்கின் நியூட்ரலை மட்டும் உள்ளே இருக்கும் லிங்க்கில் சேர்த்திருந்தால், லைட் சுவிட்சைப் போட்ட நொடியே விழும். சமைக்கும்போது மட்டும் விழுந்தால் டிரைவர் அடுப்பின் ஆவியில் இருக்கிறது. சிங்க், அடுப்பு இரண்டையும் விட்டுத் தள்ளி மாட்டு.

சுவிட்ச் போடும்போது லைட் எம்சிபி மட்டும், அதுவும் எப்போதாவது, விழுந்தால் கதை வேறு. எல்லா டிரைவரின் கெப்பாசிட்டரும் ஒரே சமயத்தில் கரண்டை இழுக்கிறது. 6 ஆம்பியர் பி வகை 18 முதல் 30 ஆம்பியருக்குள் விழும். சி வகை 30 வரை தாங்கும், 30 முதல் 60-க்குள்தான் விழும். அதே 6 ஆம்பியரில் சி வகை மாற்று, அல்லது விளக்குகளை இரண்டு சுவிட்சாகப் பிரி.

ஆர்சிசிபியைத் தாண்டி நேராக இணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் டிபி பாக்ஸைத் தொட விடாதே. ஈரக் கையோடு கிரைண்டர் கல்லைப் பிடிக்கும் வீடு அது.

சனிக்கிழமை மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, எத்தனை ஓம் வந்தது, எந்த விளக்கிலிருந்து என்று எழுது. தங்கச்சியிடம் அதுவரை பகல் வெளிச்சத்தில் மாவாட்டச் சொல்.

அன்புடன்,
ராஜு