செம்பாறைப் பாலைக்குப் புறப்படும் குடும்பங்களுக்காக

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தென்மேற்கின் செம்பாறைப் பூங்காக்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த பயணக் கட்டுரையை விருப்பத்தோடு படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன, எழுத்தும் நன்று. ஆயினும் கட்டுரையின் முடிவில் கட்டமிட்டுத் தந்திருந்த ‘ஐந்து நாளில் ஏழு இடங்கள்’ என்ற பயணத் திட்டத்தைக் கண்டதும், இதைப் பற்றி எழுதாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியது. ஏனெனில் ஏறக்குறைய அதே திட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சென்ற ஆண்டு ஜூன் மாதம் நானும் என் மனைவியும் எங்கள் மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள் ஆகியோருடன் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரிலிருந்து காரில் புறப்பட்டோம். ஏழில் நான்கை மட்டும், அதுவும் அரைகுறையாகப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்வரும் பெற்றோர் கடலூரிலும் புதுச்சேரியிலும் இன்று தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இருக்கிறார்கள். அவர்களுக்கான சுற்றுலாவைப் பெரும்பாலும் பிள்ளைகளே, வேலைக்கு நடுவில் கிடைக்கும் நேரத்தில், எங்கெங்கே என்னென்ன இருக்கிறது என்று பட்டியலிட்டுத் திட்டமிடுகிறார்கள். அந்தப் பாலை நிலத்துக்கு அந்த முறை ஒத்துவராது என்பதே நான் சொல்ல விரும்புவது. அங்கே முதலில் குறிக்க வேண்டியது வெயில் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும். அடுத்து, குடும்பத்தில் யாருடைய கால் மிகத் தளர்ந்ததோ அவரால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பது. இடங்களின் பெயர்களை அதற்குப் பிறகு எழுதலாம்.

தொலைவிலிருந்து தொடங்குகிறேன். ஃபீனிக்ஸில் புறப்பட்டு கிராண்ட் கேன்யன், பேஜ், மான்யுமென்ட் வேலி, மோவாப், பிரைஸ் கேன்யன், சயான் என்று ஒரு வட்டம் அடித்துத் திரும்பினால் 2,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். இது கடலூரிலிருந்து கன்னியாகுமரிக்கு இருமுறை போய்த் திரும்புவதற்குச் சமம். கட்டுரையாளர் கிராண்ட் கேன்யனின் தென் விளிம்பைக் காலையிலும் வட விளிம்பை மாலையிலும் பார்க்கலாம் என்கிறார். பறவைக்கு அது 16 கிலோமீட்டர்தான்; காரில் போகிறவர் பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ 340 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். அதோடு, 2025 ஜூலையில் பரவிய காட்டுத்தீயில் வட விளிம்பின் பழமையான விடுதி எரிந்துபோயிற்று என்பதையும், குளிர்காலத்தில் அப்பக்கம் எப்போதுமே அடைக்கப்பட்டிருக்கும் என்பதையும் கட்டுரையில் சொல்லியிருக்கலாம். நெடுஞ்சாலைதானே, வழியில் பெட்ரோல் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் அங்கே எடுபடாது. யூட்டா மாநிலத்தில் கிரீன் ரிவர் என்ற ஊருக்கும் சலைனா என்ற ஊருக்கும் இடையே சுமார் 170 கிலோமீட்டருக்கு ஒரு பங்க்கும் இல்லை, ஒரு டீக்கடையும் இல்லை. பல இடங்களில் கைப்பேசிக்குச் சிக்னலும் கிடைக்காது. வரைபடத்தை விடுதியிலேயே பதிவிறக்கிக்கொண்டு கிளம்புவது நல்லது.

இனி வெயில். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் புவியியல் கற்பித்தவன்; வறண்ட காற்று வியர்வையை உடனே ஆவியாக்கிவிடும் என்பதை எத்தனையோ வகுப்புகளில் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது மோவாப் ஊருக்கு அருகிலுள்ள ஆர்ச்சஸ் பூங்காவில்தான். நம் கடற்கரை ஊர்களில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்வதை வைத்தே உடல் எவ்வளவு நீரை இழந்தது என்று ஊகித்துக்கொள்கிறோம். அங்கே அந்த அளவுகோல் கிடையாது. தோல் உலர்ந்தே இருக்கும், சட்டையும் உலர்ந்தே இருக்கும், நீர் மட்டும் போய்க்கொண்டிருக்கும். “ஆயாவுக்கு வேர்க்கவே இல்லையே தாத்தா” என்று என் பேத்தி சொன்னபோது, “நம்மூர் மே மாதத்துக்கு இந்த வெயில் எவ்வளவோ சுகம்” என்று பெருமையாகப் பதில் சொன்னவன் நான்.

நாங்கள் நடந்தது டெலிகேட் ஆர்ச் எனப்படும் புகழ்பெற்ற பாறை வளைவுக்குச் செல்லும் பாதை. போக வர 4.8 கிலோமீட்டர், ஏற்றம் ஏறக்குறைய 146 மீட்டர். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர்களுக்கு இது என்ன பெரிது என்று எண்ணினோம். ஆனால் அந்தப் பாதையில் நிழல் என்பதே இல்லை. ஏற்றத்தின் பெரும்பகுதி மொட்டைப் பாறை, அது மேலிருந்து வரும் வெயிலைக் கீழிருந்தும் திருப்பி அடித்தது. அப்பூங்காவில் சென்ற ஆண்டு நேரம் குறித்த முன்பதிவு நடைமுறையில் இருந்தது. அதிகாலை நேரங்களெல்லாம் தீர்ந்துபோய் எங்களுக்குப் பத்து மணிதான் கிடைத்தது. காலை ஏழு மணிக்கு முன்பே நுழைகிறவர்களுக்கு முன்பதிவே தேவையில்லை என்பது திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது! (இத்தகைய விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை, செல்லும் ஆண்டின் விதியை அந்தந்தப் பூங்காவின் அதிகாரபூர்வ அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.) பாதி ஏற்றத்தில் என் மனைவிக்குத் தலைவலியும் குமட்டலும் வந்தன. தாகம் என்று அவர் வழிநெடுகத் தண்ணீர் குடித்துக்கொண்டுதான் வந்தார், உணவு மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். எதிரே இறங்கி வந்த ஒரு குடும்பத்தார் தங்கள் குடையைப் பிடித்து அவரை உட்காரவைத்து, உப்பு தூவிய கடலையைக் கையில் கொடுத்து மென்று தின்னச் சொன்னார்கள். அரை மணி நேரத்தில் முகம் தெளிந்தது. அன்றே பயணத்தை முடித்துக்கொண்டு, மோவாப் ஊரில் இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டு வீடு திரும்பினோம்.

அங்குள்ள பூங்கா நிர்வாகங்கள் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று அறிவுறுத்துகின்றன. பாதைகளில் பெரும்பாலும் குழாய் இருக்காது என்பதால் பார்வையாளர் மையத்திலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆனால் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு, வியர்வையோடு போகும் உப்பை ஈடுசெய்யாமல் இருந்தால், இரத்தத்தில் சோடியம் குறைந்து அதுவும் ஆபத்தாகும் என்று கிராண்ட் கேன்யனில் தனியாகவே எச்சரிக்கிறார்கள். வெயிலில் வேலை செய்துவிட்டு வருகிறவர்களுக்கு உப்புப் போட்ட நீர்மோரும், பழையசோற்றுக்குத் தொட்டுக்கொள்ள உப்பு நார்த்தங்காயும் கொடுத்த நம் வீட்டுப் பெரியவர்கள் இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் உப்பின் அளவைப் புறப்படும் முன் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

மலைப் பாதைகளைப் பற்றி ஒன்று. பழனியிலும் திருப்பதியிலும் நாம் ஏறி இறங்கிப் பழகியவர்கள். களைத்துவிட்டால் திரும்பி இறங்கிவிடலாம் என்ற துணிவு நமக்கு இயல்பாகவே உண்டு. கிராண்ட் கேன்யனில் இது தலைகீழ். கார் நிற்பது ஏறத்தாழ கொடைக்கானலின் உயரத்தில். பள்ளத்தாக்கின் ஆழம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். காலைக் குளிர்ச்சியில் சிரித்துப் பேசிக்கொண்டு எளிதாக இறங்கிவிடலாம். இறங்க இறங்க வெப்பமும் கூடும். கோடையில் அடிவாரத்தில் 40 டிகிரியைத் தாண்டும். பிறகு, உடல் தளர்ந்த நேரத்தில், உச்சி வெயிலில், இறங்கியதைப் போல இருமடங்கு நேரம் எடுத்து ஏற வேண்டும். ஒரே நாளில் அடியில் ஓடும் ஆறுவரை இறங்கி ஏற முயல வேண்டாம் என்று அங்கே பலகைகளே வைத்திருக்கிறார்கள். முதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் தென் விளிம்பை ஒட்டியே செல்லும் சமதளப் பாதை போதும். நடுநடுவே இலவசப் பேருந்து நிற்கும், வேண்டிய இடத்தில் ஏறிக்கொள்ளலாம். கீழே இறங்கவில்லையே என்று நாங்கள் யாரும் வருந்தவில்லை.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத மற்றொரு செய்தி, திடீர் வெள்ளம். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை அப்பகுதிக்கு ஒரு பருவமழைக் காலம் உண்டு. பெரும்பாலும் பிற்பகலில் இடி மின்னலோடு கொட்டும். மழை விழுந்த இடம் ஒன்று, வெள்ளம் வரும் இடம் வேறு. 1997 ஆகஸ்டில் பேஜ் அருகே ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பிளவில் நின்றிருந்த 11 சுற்றுலாப் பயணிகள் பல கிலோமீட்டருக்கு அப்பால் பெய்த மழையின் வெள்ளத்தில் இறந்தார்கள். 2015 செப்டம்பரில் சயான் பூங்காவின் ஒரு குறும்பள்ளத்தில் ஏழு பேர் இறந்தார்கள். இதைப் புரிந்துகொள்ளக் கடலூர்க்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் மழை இங்கே ஓய்ந்த பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் வந்து நம் ஊர்களில் புகுந்ததைக் கண்டவர்கள் நாம். தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கிறது என்பதற்காக அத்தகைய பிளவுகளுக்குள் பிள்ளைகளோடு இறங்கக் கூடாது. அன்றைய வெள்ள எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

ஆன்டிலோப் கேன்யனும் மான்யுமென்ட் வேலியும் தேசியப் பூங்காக்கள் அல்ல. நவஹோ பழங்குடி மக்களின் ஆட்சிக்குட்பட்ட நிலங்கள். தேசியப் பூங்காக்களின் ஆண்டு அனுமதி அட்டை அங்கே செல்லாது, தனிக் கட்டணம் உண்டு. ஆன்டிலோப் கேன்யனில் அவர்களுடைய வழிகாட்டி இல்லாமல் நுழையவே முடியாது. கடிகாரமும் அங்கே வேறு. அரிசோனா மாநிலம் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை, ஆனால் அதே மாநிலத்துக்குள் இருக்கும் நவஹோ நிலம் பின்பற்றுகிறது. பேஜிலிருந்து நேரத்தோடு கிளம்பி மான்யுமென்ட் வேலியை அடைந்த நாங்கள், வழிகாட்டியின் வண்டி போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்ததைக் கண்டு திகைத்து நின்றோம். குறை எங்களுடையதுதான்.

கட்டணத்தைப் பற்றிக் கட்டுரை தந்த விவரம் பழையது. 2026 ஜனவரி 1 முதல், அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கான ஆண்டு அட்டை 250 டாலர்; அந்த அட்டை இல்லாமல் வருகிற வெளிநாட்டவர் அதிகக் கூட்டம் வரும் 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்தோடு தலைக்கு 100 டாலர் கூடுதலாகத் தர வேண்டும். கிராண்ட் கேன்யன், சயான், பிரைஸ் கேன்யன் மூன்றும் அந்தப் பதினொன்றில் அடங்கும். பெற்றோரை அழைத்துச் செல்லும் பிள்ளைகள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

பருவத்தைப் பொறுத்தவரை ஏப்ரல், மே, பிறகு செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆகியவையே ஏற்ற மாதங்கள். ஆறு மாத விசாவில் செல்லும் பெற்றோர் கோடையில் போய்ச் சேர்ந்தாலும், இந்தப் பயணத்தை மட்டும் அக்டோபருக்குத் தள்ளிவைக்கலாம். பல பள்ளிகளில் அப்போது சில நாள் விடுமுறையும் உண்டு. பாலைவனம்தானே என்று கம்பளியை விட்டுச் செல்வது தவறு. பிரைஸ் கேன்யனின் மிக உயர்ந்த காட்சிமுனை 2,778 மீட்டர், நம் தொட்டபெட்டாவைவிட உயரம். அக்டோபர் இரவுகளில் அங்கே தண்ணீர் உறைந்துவிடும்.

புறப்படும் முன் ஓர் ஒத்திகை பார்க்க விரும்புகிறவர்களுக்கு, அது நம் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய திருவக்கரையில், வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு அருகே, ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுப் பழமையான கல்மரங்கள், அதாவது மண்ணில் புதைந்து கல்லாகிவிட்ட மரங்கள், கிடக்கின்றன. அவை புதைந்திருந்த பாறைக்கு நிலவியல் நூல்களில் ‘கடலூர் மணற்கல்’ என்றே பெயர். அரிசோனாவின் கல்மரக் காடு இருபது கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. ஆனால் அங்குள்ள பாறையைச் சிவக்கவைத்த அதே இரும்புத் துருதான் நம் கேப்பர் மலையின் செம்மண்ணையும் சிவக்கவைத்திருக்கிறது. ஒரு தை மாதக் காலையில் தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு திருவக்கரையில் இரண்டு மணி நேரம் நடந்து பார்த்தால், யாருடைய முழங்கால் எவ்வளவு தாங்கும், யாருடைய செருப்பு கடிக்கும் என்பது தெரிந்துவிடும். கல் ஒன்றைக்கூடப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது என்ற விதி இரண்டு இடங்களுக்கும் பொது.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இனி இத்தகைய பயணத் திட்டங்களை வெளியிடும்போது ஒவ்வோர் இடத்துக்கும் இடையிலுள்ள தொலைவு, அம்மாதத்தின் வெப்பம், பாதையில் நிழலும் நீரும் உண்டா என்பது, தேவையான முன்பதிவு ஆகிய நான்கையும் சேர்த்து வெளியிட வேண்டும். கட்டத்தில் இடமில்லையென்றால் ஏழு இடங்களில் மூன்றை எடுத்துவிட்டால் இடம் கிடைத்துவிடும். சக்கர நாற்காலியில் இருக்கும் பெற்றோரை அழைத்துச் சென்ற வாசகர்கள் யாரேனும் இருந்தால் அவர்களுடைய அனுபவத்தையும் கேட்டு வெளியிடுங்கள். சயானில் ஆற்றோரமாகத் தளமிட்ட பாதை ஒன்று அவர்களுக்கு ஏற்றது என்று படித்தேன், நேரில் கண்டவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

வரும் அக்டோபரில் நாங்கள் மறுபடியும் போகிறோம். ஆறு நாள், பிரைஸ், சயான் ஆகிய இரண்டு இடங்கள் மட்டும், பகல் பதினொன்றிலிருந்து நான்குவரை அறையில் ஓய்வு. என் மனைவி இப்போதே நார்த்தங்காயை நறுக்கி உப்பிட்டு மொட்டைமாடியில் காயவைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.